பலவேசம் மாமா எடுத்த உயரங்கள்

என் தாய்மாமன் பலவேசம் தேரிக்குளத்துப் பெரிய மனிதர்களின் உயரத்தைத் திருடி விற்றார் என்று பரவலாக நம்பப்படுகிறது. இது அடிப்படையிலேயே பிழையான செய்தி; நம்பிக்கொண்டிருப்பவர்கள் இன்றே நிறுத்திக்கொள்ள வேண்டும். அவர் திருடினார். விற்கவில்லை. ஒரு நூல் அளவுகூட, எந்த விலைக்கும், யாருக்கும் விற்கவில்லை. எடுத்ததையெல்லாம் தன் உடம்பிலேயே வைத்துக்கொண்டார், அதனால்தான் புறவழிச் சாலையில் பஸ் திரும்பும்போதே தேரிக்குளத்தின் கோபுரமும் அவர் தலையும் சேர்ந்து தெரியும். திருட்டு வேறு, திருட்டு வியாபாரம் வேறு. நான் கல்லூரியில் குற்றவியல் சொல்லிக்கொடுக்கிறவள். சொந்த மாமாவுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும்.

குற்றவியலில் இறுக்கக் கோட்பாடு என்று ஒன்று இருக்கிறது. ஊர் தன் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே மாடியைக் காட்டி அங்கே போனால்தான் நீ மனிதன் என்கிறது, மாடிப்படியை மட்டும் சில வீடுகளுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறது. வெளியே நிற்பவர்களுக்கு உடம்பில் ஏறுகிற இறுக்கம் எப்படியாவது வெளியேறித்தானே ஆகவேண்டும். படி திறக்கும் என்று வரிசையில் நிற்பவர்கள் முதல் வகை. மாடி வேண்டும், படி கிடையாது, ஆகவே சுவரேறுகிறவர்கள் இரண்டாம் வகை. மாடியை மறந்துவிட்டு வரிசையில் நிற்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர்கள் மூன்றாம் வகை. பத்திர எழுத்தரான என் அப்பா ஆவுடையப்பனின் படத்தை அந்த இடத்தில் பாடப்புத்தகத்தில் போடலாம். மாடியும் வேண்டாம் வரிசையும் வேண்டாம் என்று சாராயக் கடைப் பக்கம் போய்விட்டவர்கள் நாலாவது. ஐந்தாம் வகைக்கு வருவதற்குள் எப்போதும் வகுப்பில் மணி அடித்துவிடும்.

இதை ஒரு பொங்கலுக்கு மாமாவிடமே விளக்கினேன். அவர் தெருவில் கட்டில் போட்டு, கால்களுக்கு ஒரு பெஞ்சும் போட்டுப் படுத்திருந்தார். வீட்டுக்குள் அவர் கொள்ளாமல் போய் ரொம்ப நாளாகியிருந்தது.

"நீங்க ரெண்டாவது வகை, மாமா."

"மொத்தம் எத்தனட்டி?"

"அஞ்சு."

"அஞ்சாவது ஆளு என்ன செய்வான்?"

"மாடியும் சரியில்ல, படியும் சரியில்லன்னு ரெண்டையும் இடிச்சிட்டு வேற கட்டுவான்."

"கொத்தனாருன்னு சொல்லு."

"இல்ல மாமா, கலகக்காரன்."

"சம்பளம் அவனுக்குக் கூடவா, எனக்குக் கூடவா?"

"ரெண்டு பேருக்கும் கஞ்சிதான்," என்றாள் உள்ளேயிருந்து அத்தை.

மாமாவின் மாடி என்னவென்றால், போலீஸ் வேலை. இளவயதில் ஆயுதப்படை மைதானத்தில் நடந்த ஆள்தேர்வில் அவர் எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தார், கயிற்றில் அணில் மாதிரி ஏறி இறங்கினார், கடைசியில் உயரம் அளக்கும் கம்பின் கீழே நின்றபோது ஒரு விரல் குறைந்தார். அளந்த ஏட்டு நல்ல மனிதர், "மரத்துல தொங்குடே, நீளும்" என்று சொல்லி அனுப்பினார். மாமா ஒரு வருஷம் முழுக்க வேப்பமரத்தில் தொங்கினார், மாடு குளிப்பாட்டிவிட்டுத் தொங்கினார், சாப்பிட்ட கையோடு தொங்கினார், மழையில் தொங்கினார், கல்யாணமாகி மறுவீடு போன இடத்திலும் ஒரு புளியமரத்தைப் பார்த்துவைத்துத் தொங்கினார். வேப்பங்கிளை நீண்டு தாழ்ந்தது, மாமா நீளவில்லை. மறு வருஷமும் அதே ஒரு விரல். அதே வரிசையில் அவருக்கு அடுத்து நின்ற அரிசி மில் முதலாளி மகன் கோமதிநாயகம், தேரிக்குளம் பள்ளியில் ஒரே பெஞ்சில் மாமாவோடு தோளும் தோளும் சமமாக உட்கார்ந்து படித்தவன், அதே கம்பின் கீழே உயரம் சரியென்று தேறினான். கம்பு ஆள் பார்த்து அளக்கும் என்பதை மாமா அன்றைக்குக் கண்டுகொண்டார்.

அதற்கடுத்த வருஷம் மாமாவுக்கு வயது வரம்பு தாண்டியது. அந்த வாரமே, பெரிய வீடுகள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் மத்தியான வேளையில், கோமதிநாயகத்தின் கைக்கடிகாரத்தை எடுக்கும் எண்ணத்தோடு அவர் மில் வீட்டுக்குள் போனார். கொடியில் காக்கிச் சட்டை தொங்கியது, அதற்குக் கீழே கோமதிநாயகம் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். மாமா கடிகாரத்தை மறந்துவிட்டார். எவ்வளவு அம்சமாக இருக்கிறான் இந்தப் பயல் என்று மனசு நிறைந்து பார்த்தார், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை தானாக முன்னால் போயிற்று. எங்கள் பக்கத்தில் குழந்தையையோ மணப்பெண்ணையோ பார்த்து மனசு நிறைந்தால் யாரும் செய்வதுதான்: இரண்டு கைகளாலும் முகத்தை மேலிருந்து வழித்து, அந்தக் கைகளைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து விரல்களை மடக்கிச் சொடுக்கு விழச் செய்வது. கண் பட்டது கழிந்துவிடும் என்று நம்பிக்கை, நெட்டி முறிப்பது என்று பெயர். மாமாவின் விரல்கள் பத்தும் சடசடவென்று முறிந்தன. கோமதிநாயகம் தூக்கத்தில் புரண்டு படுத்தான். மாமா வீட்டுக்கு வந்து நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார்.

மறுநாள் கோமதிநாயகத்தின் கால்சட்டை தரையில் புரண்டது.

அவனால் புகார் கொடுக்க முடியவில்லை. ஒரு விரல் குறைந்துவிட்டேன் என்று போலீஸ்காரன் எழுதிக்கொடுத்தால் அவனைத் திரும்ப அளப்பார்கள், திரும்ப அளந்தால் குறைந்தது ஒரு விரல்தானா, முதலிலேயே ஒன்று குறைந்திருந்ததா என்று கேள்வி வரும். ஆகவே அவன் தையற்காரர் அந்தோணிமுத்துவிடம் போய்க் கால்சட்டையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டான். மாமாவோ, போலீஸுக்குத் தேவையான உயரம் வந்தும் வயது போய்விட்ட மனிதர், இனி எதற்கு நிறுத்த வேண்டும் என்று எடுத்துக்கொண்டே போனார். மில் முதலாளியிடம் எடுத்தார், உரக்கடைக்காரரிடம் எடுத்தார், வட்டிக்கு விடுகிறவரிடம் எடுத்தார், கோயில் தர்மகர்த்தாவிடம் பிரகாரத்திலேயே வைத்து எடுத்தார். எப்போதும் ஒரு விரல், எப்போதும் மத்தியானம், எப்போதும் உள்ளவர்களிடம்.

ஊர் என்ன செய்தது என்று கேட்பீர்கள். முதல் மாதம் ஊர் பயந்தது, இரண்டாம் மாதம் ஊர் கால்சட்டைகளை மடித்துத் தைத்துக்கொண்டது, அந்தோணிமுத்து இரண்டாவது தையல் மெஷின் வாங்கினார், மூன்றாம் மாதம் முதல் ஊருக்கு அது வழக்கமாகிப் போனது. பலவேசம் ஏழை வீட்டில் கைவைக்க மாட்டான் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், குட்டையாவது வசதியின் அடையாளம் என்று ஆயிற்று. கல்யாணத் தரகர்கள், "மாப்பிள்ளைய பலவேசம் ரெண்டு விரல் எடுத்திருக்கான், சாதாரணக் குடும்பம் இல்ல" என்று பேச்சை ஆரம்பித்தார்கள். பிறவியிலேயே குட்டையானவர்கள் தாங்களும் பறிகொடுத்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள், பெண் வீட்டார் பழைய கால்சட்டையைக் காட்டச் சொன்னார்கள், பழைய கால்சட்டைகளுக்கு வாடகை வந்தது. புதிதாகப் பணம் பார்த்தவர்கள் மத்தியானத்தில் கதவைத் தாழ்போடாமல் படுத்தார்கள். தலைமாட்டில் மாமாவுக்கு ஒரு சொம்பு மோரும் வைத்தார்கள். மாமா பல வீடுகளில் மோரை மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுவார், அந்த வீட்டில் அன்று சாயங்காலம் சண்டை நடக்கும்.

என் அப்பாவுக்கு இதில் தீராத மனவருத்தம்.

"சொந்த மச்சான். ஊர்ல போறவன் வாரவன்கிட்டயெல்லாம் எடுத்துட்டான். என்னைய ஒரு மனுஷனா மதிக்கலியே."

"அத்தான், ஒங்ககிட்ட என்ன இருக்கு எடுக்கதுக்கு?" என்று மாமா தெருவில் நின்றபடியே எங்கள் மாடி ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"ஒரு விரல் இல்லையாவே எங்கிட்ட?"

கடைசியில் அந்தத் தீபாவளிக்கு மாமா மனமிரங்கி அப்பாவிடம் அரை விரல் எடுத்தார். அப்பா பண்டிகை முடிகிற வரைக்கும் வேட்டியைத் தெருவில் புரளவிட்டே நடந்தார்.

இதனால் ஒரு சங்கடமும் வந்தது. கூலிக்காரர்களின் உயரம் அப்படியே இருந்ததால் முதலாளிகள் அவர்களை அண்ணாந்து பார்த்துப் பேச வேண்டியிருந்தது, அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒருவனைத் திட்டுவது கழுத்துக்கு ஆகாத காரியம், மில்லில் வசவு குறைந்தது, வசவு குறைந்த இடத்தில் கூலி கூட்டிக் கேட்பது எளிதாயிற்று. மில் முதலாளி உயரமான நாற்காலி ஒன்று செய்துபோட்டார். அதில் ஏற அவருக்கு ஒரு கூலிக்காரரின் தோள் தேவைப்பட்டது.

போலீஸுக்கு ஒரு கட்டத்தில் எதையாவது செய்தாக வேண்டியிருந்தது. அசையும் பொருளை எடுத்தால்தான் திருட்டு. உயரம் அசையும் பொருளா? ஆள் நடந்தால் கூடவே நடக்கிறது, ஆகவே அசையும் பொருள்தான் என்று உரக்கடைக்காரரின் வக்கீல் வாதாடினார். அப்போது இன்ஸ்பெக்டராகியிருந்த கோமதிநாயகத்தின் கருத்தைக் கேட்டார்கள். அவர், மனித உயரத்தைத் திருடுவது இயலாத செயல் என்றும், நெட்டி முறிப்பது பிறர் நலம் விரும்பும் பழக்கம் என்றும், துறை சார்பில் எழுத்துமூலம் பதில் கொடுத்தார். மாமாமேல் வழக்கு எதுவும் பதிவாகவில்லை. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை பேர் முகத்தை வழித்த மாமா ஒரே ஒரு தலையை மட்டும் தொட்டதில்லை. அவருடைய ஒரே மகள் பிரமசக்தியின் தலை. பிறந்த குழந்தையை அத்தை நீட்டியபோது அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். காது குத்தும்போது மடியில் உட்கார்த்த வேண்டியது தாய்மாமன்தான் என்பதால் தப்பித்தார். சடங்கு வீட்டில் ஊரே வரிசையில் வந்து அவளுக்கு நெட்டி முறித்தபோது, மாமா தெருமுனையில் நின்று வேலிக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சலில் அவள் நெற்றி சுடுகிறதா என்று அத்தையிடம்தான் கேட்பார். திருடனுக்குப் பாசம் கிடையாது என்று சொன்னவர்கள் உண்டு. அவருக்கு மனசு நிறைந்தால் கை என்ன செய்யும் என்று அவருக்குத்தான் தெரியும்.

அந்தப் பிரமசக்தி போலீஸ் வேலைக்குப் போகிறேன் என்றாள். தேரிக்காட்டுச் செம்மணலில் கணுக்கால் புதையப் புதைய ஓடிப் பழகினாள். எழுத்துத் தேர்வில் தேறினாள். உயரம் மட்டும் தேர்வுக் கோட்டைவிட ஒரே ஒரு நூல்தான் கூடுதல். வீட்டுச் சுவரில் மாதம் ஒருமுறை அத்தை கரித்துண்டால் கோடு போட்டுப் பார்ப்பாள். வயது வரம்புக்கு அவளுக்கும் அதுதான் கடைசி வருஷம்.

நான் என் தொழிலுக்கேற்றபடி எச்சரித்தேன்.

"ஒங்கப்பா ஏற முடியாத மாடிக்கு நீ ஏறப் பார்க்க. இதுக்கும் ஒரு ஆய்வு இருக்கு."

"மதினி, நான் மாடிக்குப் போகலை, மைதானத்துக்குப் போறேன். நீங்க வாரியளா, ஆய்வு பண்ணிட்டு இருக்கியளா?"

போனேன். அன்று காலையில் அவள் நீல டிராக் பேண்டும் வெள்ளைச் சட்டையும் போட்டு, மார்பில் எண் அட்டையைக் குத்தி, தலைமுடியை இறுக்கிக் கட்டி வாசலில் வந்து நின்றாள். அத்தை திருநீறு பூசினாள். தெருப் பெண்கள் நெட்டி முறித்தார்கள். மாமா கட்டிலிலிருந்து எழுந்து நின்றார், கீழே மகளைப் பார்த்தார், இத்தனை வருஷம் பின்னால் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்து, கிணற்றுக்குள் வாளி இறங்குவதுபோல அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கி அவள் முகத்தை வழித்துவிட்டன. அத்தை, "ஐயோ, வேண்டாம்!" என்று கத்தும்போது விரல்கள் பத்தும் முறிந்து முடிந்திருந்தன.

பிரமசக்தியின் டிராக் பேண்ட் ஷூவை மூடியது.

மாமா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பா," என்றாள் பிரமசக்தி. அழவில்லை. "ஊர்ல இத்தன தல இருக்கு. என் தலதான் கெடச்சுதா?"

"தாயி, தெரியாம..."

"திருப்பிக் குடுங்க."

"எடுக்கத்தான் தெரியும். குடுக்கத் தெரியாது தாயி, தெரிஞ்சா முழுசையும் குடுத்திருவேனே."

"அப்ப பின்னாலேயே வராதிய." அவள் குனிந்து டிராக் பேண்டை ஒரு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டாள். "நான் போவேன். குறைஞ்சா குறைச்சல்னு அவங்க வாயால சொல்லட்டும். நானா வீட்டுல இருந்துக்க மாட்டேன்."

மாமா பின்னாலேயே வந்தார். பஸ்ஸில் அவர் கொள்ளமாட்டார் என்பதால் நடந்தே வந்தார், பஸ் வருவதற்கு முன் வந்து சேர்ந்தார்.

ஆயுதப்படை மைதானத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்தில் இருந்தது: வேப்பமரத்தடியில் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்து நட்டிருந்த அளவுக் கம்பு. அது அதே பழைய கம்புதான் என்று மாமா சத்தியம் செய்வார்; பட்டை அடித்த கம்புகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பது என் கருத்து. அன்றைய வேலை தொடங்கும் முன் கம்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து ஒரு முழம் பூவும் சுற்றியிருந்தார்கள். பக்கத்தில் நாற்காலியில், கால்கள் தரைக்குச் சற்று மேலே தொங்க, இன்ஸ்பெக்டர் கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தார்.

பிள்ளைகளோடு வந்தவர்கள் கம்பி வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். மாமா வேலியைத் தாண்டினார். தாண்டினார் என்றால் குதிக்கவில்லை, சாதாரணமாக ஒரு எட்டு வைத்தார்.

"ஓய், பெரியவரே, உள்ள வரக்கூடாது!" என்று ஒரு காவலர் ஓடிவந்தார்.

"கம்புக்கு நெட்டி முறிச்சிட்டுப் போயிருதேன், சார்."

"எதுக்கு?"

"எத்தனை வருசம், எத்தனை ஆயிரம் பேரு ஏங்கிப் பாத்த கம்பு. எவ்வளவு கண்ணு பட்டிருக்கும்? யாராவது ஒருத்தராவது கழிச்சிருக்கியளா?"

காவலர் யோசித்தார். கண் படுவது பற்றி அவருக்குத் தெரியாத ஒன்றை மாமா சொல்லவில்லை. அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். கோமதிநாயகம் மாமாவின் கைகளைப் பார்த்தார், பிறகு மடித்துத் தைத்த தன் கால்சட்டையைப் பார்த்தார். மைதானத்தில் இருந்த போலீஸ்காரர்களில் அந்தக் கைகள் என்ன செய்யும் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் உயரத்தைத் திருட முடியாது என்று துறை சார்பில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான், முறிக்கக் கூடாது என்று அவர் எப்படிச் சொல்வார்? ஏன் என்று ஒருவர் கேட்டால்கூட, முதல் கம்பிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும்.

"பலவேசம்," என்றார் கடைசியில், பள்ளிக்கூடத்து பெஞ்சில் கூப்பிட்ட அதே குரலில். "சீக்கிரம் முறிச்சிட்டுக் கெளம்பும்."

மாமா கம்பின் முன்னால் மண்டியிட்டார். வேப்பமரத்தில் தொங்கிய காலத்தில் கனவில் வந்த கம்பு, கண்ணை மூடினாலும் நிமிர்ந்து நின்ற கம்பு. மனசு நிறைய அவருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. சந்தனமும் பூவுமாக அதை உச்சியிலிருந்து அடிவரை வழித்தார், பச்சைக் குழந்தையை வழிப்பதுபோல வழித்தார், நெற்றிப்பொட்டில் கைகளை வைத்தார். அந்தச் சத்தம் வேலிக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. கம்பு ஒன்றும் செய்யவில்லை, அதிலிருந்த கோடுகள் மட்டும் பஸ் இருக்கையில் இடம் விடுவதுபோல ஒன்றையொன்று நெருங்கி உட்கார்ந்தன. சுற்றியிருந்த பூ தொய்ந்தது.

பிரமசக்தியின் முறை வந்தது. அவள் மடித்துவிட்ட டிராக் பேண்டோடு போய்க் கம்பில் முதுகைச் சாய்த்து நின்றாள். அளந்த காவலர் பலகையை இறக்கினார். அது கோட்டுக்கு ஒரு நூல் மேலே போய் நின்றது.

"சரி. அடுத்து."

அவளுக்கு அடுத்தவளும் சரி. ஏற்கெனவே இரண்டு முறை வந்து ஒரு விரல் குறைந்து திரும்பிப் போயிருந்த ஒரு பெண், சரி என்ற சொல்லைக் கேட்டும் நகராமல் நின்றாள், அவளைக் கையைப் பிடித்து நகர்த்த வேண்டியிருந்தது. அன்று ஒரு விரலால் யாரும் திரும்பிப் போகவில்லை.

திரும்பும் வழியில் பிரமசக்தி பஸ்ஸில் ஏறவில்லை. மாமாவின் எட்டுக்கு ஈடாக ஓட்டமும் நடையுமாக வந்தாள், அவர்களுக்குப் பின்னால் நான் மூச்சு வாங்க வந்தேன்.

"எப்பா, அது என் ஒயரமா, இல்ல கம்போட குறையா?"

"குறைதான். நான் நின்ன நாள்லேருந்து அது கம்போட குறைதான், தாயி."

"நான் போலீஸ் ஆனா ஒங்களையும் பிடிப்பேன்."

"எட்டுனா பிடி."

அவள் சிரிக்கவில்லை என்று காட்டிக்கொள்ள முன்னால் ஓடினாள். மாமா என் பக்கம் குனிந்தார்.

"இப்ப நான் எத்தனாவதுட்டி?"

"அஞ்சு, மாமா."

"சம்பளம்?"

கல்லூரிக் கருத்தரங்கில் இந்த நிகழ்வைக் கட்டுரையாக வாசித்தேன். அரசாங்க அளவுக் கருவியைச் சேதப்படுத்தியதை ஆதரிக்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். ஆம் என்றேன். உறவினரை ஆய்வுப் பொருளாக்குவது முறையா என்று இன்னொருவர் கேட்டார். அதற்கும் ஆம் என்றேன். அப்போது மணி அடித்தது, நான் மேடையைவிட்டு இறங்காமல் ஐந்தாம் வகையைச் சொல்லி முடித்தேன்.

அந்த வருஷம் எங்கள் மாவட்டத்திலிருந்து தேர்வான பெண் காவலர்களுக்குச் சீருடைகள் வழக்கமான அளவிலேயே வந்து இறங்கின. கால்சட்டைகளை ஒரு விரல் மடித்துத் தைக்கும் வேலை தேரிக்குளம் அந்தோணிமுத்துவுக்குக் கிடைத்தது.